வாஷிங் மெஷினும் டிரையரும் எங்கே வைப்பது? தண்ணீர் போகும் வழியை முதலில் பாருங்கள்

கேள்வி: மேலும் கீழுமாக இரண்டு தளம் உள்ள பழைய வீடு ஒன்றை வாங்கிப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் மாடியில், என் அம்மா கீழே. அம்மாவுக்கு மூட்டுவலி, படி ஏறமாட்டார். வாஷிங் மெஷினும் டிரையரும் புதிதாக வாங்கப் போகிறோம். நான்கு இடங்கள் பார்த்து வைத்திருக்கிறோம்: மாடிப்படிக்கு அடியில் உள்ள காலியிடம், மாடியில் குளியலறைச் சுவரை ஒட்டியிருக்கும் பெரிய அலமாரி, பின்பக்கத்துப் பால்கனி, கீழ்க் குளியலறை. கணவர் படிக்கு அடியில்தான் என்கிறார். கழிவுக் குழாய் அங்கிருந்து 6 மீட்டர் தள்ளி இருக்கிறது, தரையோடு குழாய் போட்டு இழுத்துவிடலாம் என்று வேலைக்காரர் சொல்கிறார். எனக்கு மாடி அலமாரி பிடித்திருக்கிறது. ஆனால் மேலே தண்ணீர் கசிந்தால் கீழே என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. அடுத்த வாரம் சுவர் உடைக்க ஆள் வருகிறார்கள். எங்கே வைக்கட்டும்?

பதில்: வணக்கம் சகோதரி. சுவரை உடைக்கும் முன்னால் கேட்டிருக்கிறீர்கள், அதற்கே முதலில் நன்றி. இந்த மெஷின்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் டைல்ஸ் ஒட்டி, அலமாரி செய்து, மெஷினும் வந்து இறங்கிய பிறகுதான் கூப்பிடுவார்கள். அப்போது நான் சொல்வது எதுவானாலும் அவர்களுக்கு இரட்டைச் செலவு.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாடி அலமாரிதான் சரியான இடம், ஆனால் மூன்று விஷயங்களைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு. படிக்கு அடியில் வேண்டவே வேண்டாம்.

படிக்கு அடியில் ஏன் கூடாது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் கணவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த இடம் வேறு எதற்கும் பயன்படாது, மெஷின் போய் உட்கார்ந்தால் வீட்டில் ஒரு மூலை மிச்சமாகும். எல்லோரும் இப்படித்தான் யோசிக்கிறார்கள்: காலியிடம் எங்கே இருக்கிறது, அங்கே வை. ஆனால் மெஷினுக்கு வேண்டியது இடம் மட்டும் இல்லை, அழுக்குத் தண்ணீர் வெளியே போக ஒரு வழி வேண்டும். நல்ல தண்ணீரை எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், அது அழுத்தத்தில் வருவது, மேலே ஏற்றலாம், கூரை வழியாகச் சுற்றிக்கூடக் கொண்டுவரலாம். கழிவுத் தண்ணீர் அப்படி இல்லை. மெஷினுக்குள் இருக்கும் சின்ன பம்பு அதைக் குழாயின் வாய் வரைக்கும்தான் தள்ளிவிடும், அதற்குப் பிறகு வாட்டம், அதாவது குழாயில் சரிவு, இருந்தால்தான் ஓடும்.

6 மீட்டர் என்கிறீர்கள். மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம் என்று வைத்தால் கடைசியில் குழாய் 12 செ.மீ. கீழே இறங்கியிருக்க வேண்டும். குழாயின் கனம் ஒரு 5 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். 17 செ.மீ. ஆழத்துக்குக் கூடத்தின் தரையை வெட்ட முடியுமா? டைல்ஸுக்குக் கீழே இருக்கும் பூச்சு சாதாரணமாக அவ்வளவு கனம் இருக்காது, அதற்குக் கீழே காங்கிரீட். "இழுத்துவிடலாம்" என்று சொல்பவரிடம் வாட்டம் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், பதில் வரும் வேகத்திலேயே தெரிந்துவிடும். வாட்டம் குறைந்த குழாயில் தண்ணீர் போய்விடும், நூலும் பஞ்சும் சோப்புப் படிவும் தங்கிவிடும். ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு ஓடும், அப்புறம் ஒருநாள் கூடத்தின் நடுவில் டைல்ஸைப் பெயர்க்க வேண்டியிருக்கும். மெஷினின் வடிகுழாயை இன்னொரு குழாயோடு ஒட்டி நீட்டிக்கொள்வதும் தீர்வு இல்லை, அத்தனை தூரம் தள்ளிக்கொடுக்க அந்தப் பம்பால் முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. படிக்கு அடியில் காற்றோட்டம் கிடையாது, டிரையர் விடும் வெப்பம் அங்கேயே தங்கும். பெரும்பாலான வீடுகளில் வெளியே ஓடுவதற்கும் அந்தப் படிதான் வழி. ஏதாவது தீப்பிடித்தால் அந்த வழிதான் முதலில் அடைபடும். மாடியில் இரண்டு பிள்ளைகள் தூங்குகிற வீட்டில் படிக்கு அடியில் டிரையர் வைக்க எனக்கு மனம் வராது.

பால்கனியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வெயிலும் மழையும் அடிக்கும் இடத்தில் ரப்பர் குழாய்களும் பிளாஸ்டிக் பாகங்களும் வெடித்துப் போகும், மின்பலகையில் ஈரம் ஏறும், குளிர் கடுமையான ஊராக இருந்தால் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து பம்பு உடையும். மூன்று பக்கமும் மூடிய பால்கனி என்றால் பரவாயில்லை, ஆனாலும் அங்கே இருக்கும் வடிகால் எங்கே போகிறது என்று பாருங்கள். பல வீடுகளில் பால்கனி வடிகால் மழைநீர்க் குழாயோடு சேர்ந்திருக்கும், சோப்புத் தண்ணீரை அதில் விடக் கூடாது, அது சுத்திகரிப்புக்குப் போகாமல் நேராக ஓடைக்கோ மண்ணுக்கோ போய்விடும்.

சரி, மாடி அலமாரிக்கு வருவோம். எனக்கு அது பிடிக்கக் காரணம், அலமாரியின் பின்சுவருக்கு மறுபக்கம் குளியலறை. தண்ணீர், கழிவு இரண்டும் ஒரு சுவர் தூரத்தில் இருக்கின்றன. போதாததற்கு நான்கு பேரின் துணியும் மாடியில்தான் அழுக்காகிறது, மடித்து அடுக்குவதும் மாடியில்தான். ஈரத்துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கி ஏறுவது முதல் மாதம் ஒன்றும் தெரியாது, பல வருடம் செய்ய வேண்டிய வேலை அது. அம்மாவின் துணி மட்டும் மேலே வர வேண்டியிருக்கும், அதை யாராவது எடுத்து வரலாம். ஆனால் ஒன்று, பகலில் நீங்கள் எல்லோரும் வெளியே போய்விட, துணி துவைப்பது அம்மாதான் என்றால் நான் சொன்ன அத்தனையும் மாறிவிடும், அப்போது கீழ்க் குளியலறைதான். இதை நீங்கள் எழுதவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

இப்போது பார்க்க வேண்டிய மூன்று.

முதலாவது வடிகால். இந்த வாரமே நீங்களே செய்து பார்க்கலாம். 20 லிட்டர் வாளி இரண்டு எடுத்து நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். மெஷினின் கழிவு எந்தக் குழாயில் சேரப்போகிறதோ அதில், உங்கள் விஷயத்தில் மாடிக் குளியலறையின் தரை வடிகாலில், முதல் வாளியை ஒரு நிமிடத்துக்குள் ஊற்றி முடியுங்கள், இடைவெளி விடாமல் இரண்டாவது வாளியையும் அதே வேகத்தில் ஊற்றுங்கள். முதல் வாளியை எந்தக் குழாயும் வாங்கிக்கொள்ளும், காலியாக இருக்கும் குழாய் அல்லவா. இரண்டாவது வாளியின்போது குனிந்து சல்லடையைக் கவனியுங்கள். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கினால் நல்லது. சல்லடையைச் சுற்றிக் குளம்போல நின்று, குபுக் குபுக்கென்று குமிழி வந்தால் உள்ளே அடைப்பு இருக்கிறது, அல்லது குழாய் சிறியது. மெஷின் பம்பு ஏறக்குறைய இந்த வேகத்தில்தான் தண்ணீரை வெளியே தள்ளும், ஒரு துவைப்பில் பல முறை தள்ளும். சோதனையில் தோற்றால் சுவர் உடைக்கும்போதே அந்தக் குழாயையும் சரி செய்துவிடுங்கள்.

மெஷினுக்கென்று தனியாக ஒரு செங்குத்துக் குழாய் வைக்கச் சொல்லுங்கள், 50 மி.மீ. குழாயாக இருக்கட்டும், கீழே தண்ணீர் நிற்கும் வளைவோடு. அந்த வளைவு இல்லாவிட்டால் சாக்கடை நாற்றமும் பூச்சியும் அலமாரிக்குள் வரும், உங்கள் துணியிலும் ஏறும். குழாயின் வாய் மெஷின் நிற்கும் தரையிலிருந்து 60 செ.மீ.க்கு மேல், 1 மீட்டருக்குள் இருக்கட்டும், வாங்கும் மெஷினின் கையேட்டில் சரியான அளவு போட்டிருப்பார்கள். இந்த உயரத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வடிகுழாயைத் தரை வடிகாலிலேயே செருகிவிட்டிருந்த ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். புது மெஷின், தண்ணீரை எடுத்துக்கொண்டே இருக்கிறது, துவைத்து முடிக்கமாட்டேன் என்கிறது, மாற்றித் தரவேண்டும் என்று அவர்கள் கோபத்தில் இருந்தார்கள். மெஷினில் ஒரு குறையும் இல்லை. குழாயின் நுனி தொட்டியின் தண்ணீர் மட்டத்தைவிடத் தாழ்வாக இருந்ததால் எடுக்க எடுக்கத் தண்ணீர் தானாக வடிந்துகொண்டிருந்தது, மெஷின் பாவம் மறுபடி மறுபடி எடுத்துக்கொண்டிருந்தது. குழாயைத் தூக்கி உயரத்தில் மாட்டினேன், அவ்வளவுதான். அதேபோல் வடிகுழாயைச் செங்குத்துக் குழாய்க்குள் ஆழமாகத் திணித்து டேப் போட்டு ஒட்டவும் கூடாது, சுற்றிலும் காற்று போக இடைவெளி வேண்டும்.

இரண்டாவது தண்ணீர் அழுத்தம். மாடியில் வைப்பவர்கள் பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். உங்கள் வீட்டுக்கு நேரடிக் குழாயில் அழுத்தத்தோடு தண்ணீர் வருகிறதென்றால் கவலை இல்லை. கூரைமேல் தொட்டி இருந்து அதிலிருந்து இறங்குகிறதென்றால் ஒரு கணக்குப் போடுங்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். பல மெஷின்களுக்குக் குறைந்தது 0.5 பார் வேண்டும், அதாவது தொட்டித் தண்ணீர் மெஷினின் குழாயிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மேல் தளத்தில் வைத்த மெஷினுக்குத் தொட்டி பெரும்பாலும் 3 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். தண்ணீர் நூலாக வரும், மெஷின் காத்திருந்து பார்த்துவிட்டுத் தண்ணீர் இல்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். ஒரு சிறிய அழுத்த பம்பு போட்டால் சரியாகிவிடும், ஆனால் அதற்கு இடமும் பிளக் பாயிண்ட்டும் இப்போதே ஒதுக்க வேண்டும். அல்லது குறைந்த அழுத்தத்திலும் ஓடும் மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும்.

மூன்றாவது தரை. ஃப்ரண்ட் லோடு மெஷின் ஒன்று ஏறக்குறைய 70 கிலோ, அதன்மேல் டிரையர் ஏறக்குறைய 50 கிலோ, துணியும் தண்ணீரும் சேர்ந்தால் ஒன்றரைக் குவிண்டாலை நெருங்கும், அதுவும் 60க்கு 60 செ.மீ. இடத்தில். காங்கிரீட் தளம் என்றால் எடையைப் பற்றி யோசிக்க வேண்டாம். மரச்சட்டங்கள்மேல் பலகை போட்ட தரை என்றால் கட்டிடப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும், நிமிடத்துக்கு 1400 சுற்று சுற்றும்போது மரத்தரை முழுவதும் சேர்ந்து அதிரும். தரை எதுவானாலும் ரசமட்டம் வைத்துப் பார்த்து நான்கு காலையும் சரி செய்து, பூட்டு நட்டை இறுக்க வேண்டும். அப்புறம் மெஷினின் பின்பக்கம் இருக்கும் நான்கு போல்ட்டுகள், வண்டியில் வரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் போட்டவை. அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் மெஷின் நடந்தே வாசலுக்கு வந்துவிடும், உள்ளேயும் உடையும். கழற்றியவுடன் ஒரு பையில் போட்டு வையுங்கள், வீடு மாறும்போது மறுபடி வேண்டும்.

கசிவைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது, நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு குடும்பம் நான்கு நாள் வெளியூர் போயிருந்தது. தண்ணீர் உள்ளே வரும் ரப்பர் குழாய், மெஷினோடு சேரும் இடத்துக்கு விரல் தூரத்தில், ஒரு நகக்கீறல் அளவுக்குத்தான் பிளந்திருந்தது. மேல்தளத்திலிருந்து சொட்டிச் சொட்டிக் கீழ் அறையின் கூரைப் பூச்சு உப்பிப்போய்க் கட்டிலின்மேல் விழுந்துகிடந்தது. மெஷின் ஓடவே இல்லை. குழாயை மூடாமல் போனதுதான் காரணம். அந்த ரப்பர் குழாய் நாள் முழுக்க அழுத்தத்தில் இருக்கும் ஒரு பொருள், மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

அதனால் கை எட்டும் இடத்தில் அடைப்பான் வைக்கச் சொல்லுங்கள். மெஷினுக்குப் பின்னால் வைத்தால் யாரும் மூடமாட்டார்கள், பக்கத்துச் சுவரில், இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். எஃகுக் கம்பி பின்னிய குழாய் வாங்குங்கள், 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். அலமாரியின் தரைக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு போட்டு, வாசலில் 3 செ.மீ. உயரத்துக்கு ஒரு தடுப்பு கட்டி, உள்ளே குளியலறைப் பக்கம் தண்ணீர் ஓட ஒரு துளை விட்டுவிட்டால், நாளைக்கு எது கசிந்தாலும் அது குளியலறைக்குத்தான் போகும், கீழ்க் கூரைக்குப் போகாது. சுவர் உடைக்கும் வேலை நடக்கும்போது இது அரை நாள் வேலை. பின்னால் செய்ய வேண்டுமானால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் செலவு குறைப்பதற்காக விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி டிரையர். எந்த டிரையர் என்பதை இடம் முடிவு செய்ததும்தான் தீர்மானிக்க வேண்டும், பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஈரக்காற்றை வெளியே தள்ளும் வகை ஒன்று இருக்கிறது. அதற்கு 10 செ.மீ. அகலக் குழாய் ஒன்று வெளிச்சுவர் வரைக்கும் போக வேண்டும், முடிந்தவரை குறுகிய தூரமாக, வளைவு இல்லாமல், வழவழப்பான உலோகக் குழாயாக. வளைவு கூடக் கூடப் பஞ்சு தங்கும், அது சட்டென்று தீப்பிடிக்கும். நான் ஒருமுறை இப்படி ஒரு குழாயைக் கழற்றியபோது உள்ளே சாம்பல் நிறத்தில் கம்பளித் துணிபோல ஒரு சுருள், கையால் பிடித்து இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அந்த வீட்டில் துணி காய இரண்டு மடங்கு நேரம் ஆகிறது என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள். இன்னும் முக்கியமானது, இந்த வகை டிரையர் அறைக்காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுவதால் பக்கத்தில் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால் அதன் புகை வெளியே போகாமல் வீட்டுக்குள் திரும்பி வர வாய்ப்பு இருக்கிறது. அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. உங்கள் மாடிக் குளியலறையில் கேஸ் ஹீட்டர் இருந்தால் இந்த வகையை நினைக்கவே வேண்டாம்.

உங்கள் அலமாரிக்கு, காற்றை வெளியே தள்ளாமல் உள்ளேயே சுற்றவிட்டுக் காயவைக்கும் ஹீட் பம்ப் டிரையர்தான் பொருத்தம். வெளியே குழாய் வேண்டாம், மின்சாரமும் மற்ற வகைகளைவிடக் குறைவு. துணியிலிருந்து எடுக்கும் தண்ணீர் ஒரு சிறு தொட்டியில் சேரும், ஒவ்வொரு முறையும் கொட்டுவதற்குப் பதில் அதன் குழாயை வாஷிங் மெஷினின் செங்குத்துக் குழாயிலேயே விட்டுவிடலாம். ஆனால் அது எடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய அத்தனையும் கடைசியில் வெப்பமாக அலமாரிக்குள்தான் சேரும், ஆகவே அடைத்த கதவு கூடாது, மேலும் கீழும் காற்று போகும் சட்டக் கதவாக வையுங்கள். அறை ரொம்பச் சூடானால், பொதுவாக 35 டிகிரியைத் தாண்டினால், இந்த டிரையர்கள் திணறும்.

ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும்போது கீழே வாஷிங் மெஷின், மேலே டிரையர், ஒருபோதும் மாற்றி வைக்கக் கூடாது. நடுவில் அந்த மாடலுக்கென்றே வரும் இணைப்புச் சட்டம் போட வேண்டும், அதனால் இரண்டையும் ஒரே நிறுவனத்தில் வாங்குவது வசதி. இரண்டும் சேர்ந்து 170 செ.மீ. உயரம் வரும். டிரையரின் பொத்தான்கள் உங்கள் கண் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலேயோ இருக்கும். கடையில் அடுக்கி வைத்திருந்தால் முன்னால் நின்று, டிரம்மின் பின்பக்கம் வரை கை எட்டுகிறதா என்று பாருங்கள்.

அளவு எடுக்கும்போது அலமாரியின் உள் அகலம் 66 செ.மீ.யாவது, ஆழம் 75 செ.மீ.யாவது இருக்கட்டும். மெஷின் 60 செ.மீ.தான் என்று அதே அளவுக்கு அலமாரி செய்கிறார்கள், பின்னால் குழாய்களுக்கு 10 செ.மீ. வேண்டும், முன்னால் கதவு கொஞ்சம் புடைத்திருக்கும். பழுது வந்தால் வெளியே இழுக்கவும் முடிய வேண்டும். முன்னால் 1 மீட்டர் நிற்க இடம் வேண்டும். மாடிப்படியின் திருப்பத்தையும் அளந்துவிடுங்கள், மெஷின் அங்கே திரும்பினால்தான் மேலே வரும்.

மின்சாரத்தைக் கடைசியாகச் சொன்னாலும் அதில் சமரசம் கிடையாது. தண்ணீரைச் சூடாக்கும் மெஷின் 2000 வாட்டுக்கு மேல் இழுக்கும், 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 9 ஆம்பியரோ அதற்கு மேலோ வரும். மெஷினுக்கு ஒன்று, டிரையருக்கு ஒன்று எனத் தனித்தனி இணைப்பு, சரியான எர்த்து, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுப் பாதுகாப்புக் கருவி. நீட்டுப்பெட்டி (எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்) கூடவே கூடாது. பிளக் பாயிண்ட் மெஷினுக்கு நேர் பின்னால் இல்லாமல், பக்கத்தில், குழாய்களுக்கு மேலே இருக்கட்டும்.

தரையோ வடிகாலோ மேலே ஒத்துவராமல் போனால் கீழ்க் குளியலறைக்குப் போங்கள், ஆனால் குளிக்கும் இடத்தை ஒரு சுவரால் பிரித்து மெஷினுக்குத் தனி மூலை கொடுங்கள். குளியலறைக்குள் பிளக் பாயிண்ட் வைக்கப் பல நாடுகளின் மின்விதிகளில் தடையோ கடும் கட்டுப்பாடோ உண்டு, உங்கள் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அம்மா கைப்பிடி பிடித்து நடக்கும் வழியைக் குறுக்கிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வாளிச் சோதனையின் முடிவு, தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அலமாரியின் உள் அளவு, இந்த மூன்றையும் எழுதி அனுப்பினால் குழாய் எங்கே, அடைப்பான் எங்கே, பிளக் எங்கே என்று ஒரு படம் வரைந்து அனுப்புகிறேன். சுவர் உடைக்க வருகிறவர்களிடம் அதைக் கொடுத்துவிடலாம்.